மரத்த விரலும் ஹேமவதியும்

கீமோ என்றதும் முடி கொட்டும், குமட்டும் என்று ஊரே சொல்லிவிடுகிறது. விரல் மரத்துப்போகும் என்பது எனக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நான் வீணை வாசிக்கிறவள்.

பாளையங்கோட்டையில் வீடு. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, இப்போது வாராவாரம் பேக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏறுகிறது. இந்த மருந்து நீளமான நரம்புகளின் நுனியைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் பாதமும் விரல் நுனியும். வலது ஆள்காட்டி விரலில் நகம் கறுத்து, சதையை விட்டுக் கழன்று நிற்கிறது. மீட்டுவது அந்த நகத்தால்தான். இப்போது சதையால் மீட்டுகிறேன், ஒலி சன்னமாக வருகிறது.

"ஏட்டி, கை மரத்துக் கெடக்குன்னு சொல்லுத, பொறவு எதுக்கு அதைத் தூக்குத?" என்று அத்தை சத்தம் போட்டார்கள். டாக்டரிடமே கேட்டேன். இடது அக்குளில் நெறிகட்டி எடுத்திருப்பதால் அந்தக் கையில் தந்தி வெட்டிவிடக் கூடாது, வெள்ளையணு குறையும் நாட்களில் தொடவே வேண்டாம், மற்றபடி கொஞ்ச நேரம் வாசிக்கலாம் என்றார். தந்தியை அழுத்தி அழுத்தி விரலில் ஏறியிருந்த காய்ப்பு வேறு இளகிவிட்டதே! தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு, தோல் சிவந்தால் நிறுத்திவிடுகிறேன்.

மருந்துக்கு முன்னால் போடும் ஸ்டீராய்டால் அன்று ராத்திரி தூக்கம் வராது. அப்போதுதான் ஹேமவதி ராகத்தை எடுப்பேன். முத்துசுவாமி தீட்சிதர் நம் நெல்லை காந்திமதி அம்மன் மேல் அந்த ராகத்தில் பாடிய கீர்த்தனை. அவரும் வீணை வாசித்தவர், 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தவர். நின்று நிதானமாகப் போகிற சாகித்யம், களைத்த உடம்பு தாங்குகிறது.

சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்கு, தந்தியை மெட்டின் மேலேயே, அதாவது வீணைத் தண்டியில் குறுக்கே பதித்த கட்டையின் மேலேயே, பக்கவாட்டில் இழுக்க வேண்டும். எவ்வளவு இழுத்தோம் என்பது முன்பெல்லாம் விரலுக்கே தெரியும். இப்போது தெரிவதில்லை. ரிஷப மெட்டிலிருந்து அடுத்த சுரமான காந்தாரத்துக்கு இழுத்தேன், தாழ்ந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இழுத்தேன். ஏறி ஏறி வந்து, ஓரிடத்தில் சுருதியில் கச்சிதமாக உட்கார்ந்தது. அழுதுவிட்டேன். விரல் விட்ட வேலையைக் காது எடுத்துக்கொண்டது.

வார்டில் பக்கத்துப் படுக்கை அக்கா முக்கூடல் பக்கம், பீடி சுற்றுகிறவர். இலை நழுவுகிறது, நூல் கட்ட வரவில்லை என்கிறார். அவருக்குக் காது உதவாது. சாயங்காலம் ஆனால் தட்டு நிறைய வேண்டும், இல்லையென்றால் கூலி இல்லை. மரப்பு கூடினால் மருந்தின் அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ வழி உண்டு என்பதுகூட அவருக்குத் தெரியாது. தையல், பீடி, தவில், எதுவானாலும் சரி, முதல் டிரிப் ஏறும் முன்பே உங்கள் கைவேலை இன்னது என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.