திம்பம் மலையில் கொதித்த பழைய 800

போன மாசம் தாளவாடிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவில் பதினொன்றைத் தாண்டும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. அப்பா ஓட்டிய 1999 மாடல் மாருதி 800. பானெட்டைத் தூக்கினால் ஒரே ஆவி. பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி ஓடி வந்து, "மூடியில கை வெச்சிறாதீங்க தம்பி, ஆறட்டும்" என்றார். அது ரேடியேட்டர் மூடி; இன்ஜின் சூட்டை வாங்கி வரும் தண்ணீரை ஆற்றும் பெட்டிதான் ரேடியேட்டர். அந்த மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 118 டிகிரி வரை கொதிக்காது. திறந்தால் அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். அவருக்கு நான் கடன்பட்டவன்.

ஆறியதும் அவர் கேனிலிருந்தே தண்ணீர் ஊற்றிக்கொண்டு பண்ணாரிக்கு இறங்கினோம். கல்யாணத்துக்குப் போகவில்லை.

இரண்டு வருசமாகவே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டுதான் இருந்தது. ஹோஸ் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, கிளிப்பும் புதுசு. நிறுத்தும் இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. பட்டறையில், "ஹெட் கேஸ்கெட் போயிருக்குமுங்க, ஹெட்ட எறக்கிப் பாத்தரலாம்" என்றார்கள். இன்ஜின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு அது; போனால் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே கசியும். அதற்கு முன்னால் நானே பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

ஆயில் குச்சியை உருவினேன். பால் டீ மாதிரி வெளுக்கவில்லை. ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தேன், குமிழி வரவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. கேஸ்கெட்டைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்தேன்.

அப்புறம் திருப்பூரில் ஒரு அண்ணனிடம் பிரஷர் டெஸ்டர் வாங்கி வந்தேன். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டிக் கையால் அடிக்கும் சின்ன பம்பு அது. 0.9 வரை ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். பத்து நிமிசத்தில் 0.6. இன்ஜின் ஆறியிருந்ததால் கசிவது காயாமல் அங்கேயே நின்றது. டார்ச் அடித்துத் தேடினால், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) மூடியில் மேல் ஹோஸ் மாட்டும் மூக்கில், கிளிப்புக்குக் கீழே ஒரு துளி திரண்டு நிற்கிறது. அதிலிருந்து இன்ஜின் மேல் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையாக ஒரு தடம். சூட்டில் ஒழுகியது தரைக்கு வருமுன் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப் போயிருக்கிறது. இந்தத் தடம் இரண்டு வருசமாக என் கண்முன்னால்தான் இருந்தது; அழுக்கு என்று நினைத்துத் துடைத்திருக்கிறேன்.

ஹோஸைக் கழற்றினேன். அலுமினிய மூக்கின் கீழ்ப்பக்கம் கறையான் அரித்த பலகைபோலக் குழி குழியாக இருந்தது. விரல் நகம் உள்ளே போகிறது. புது ஹோஸும் புதுக் கிளிப்பும் போட்டு எவ்வளவு முறுக்கினாலும் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் வரத்தான் செய்யும்.

தெர்மோஸ்டாட் மூடியின் இரண்டு போல்ட்டையும் கழற்றிப் பார்த்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. எப்போதோ ஒரு பட்டறையில், "நம்மூரு வெயிலுக்கு இதெதுக்குங்க" என்று எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் சமதளத்தில் முள் எப்போதும் கீழேயே கிடந்திருக்கிறது. அதைப் பார்த்து வண்டி நல்லா இருக்கிறது என்று நம்பியிருந்தேன். ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு வருவதை அது இத்தனை நாளும் மறைத்துவிட்டது. இரண்டாவது கியரில் மலை ஏறும்போதுதான் குட்டு வெளிப்பட்டது.

ரேடியேட்டர் அடைப்பைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். இன்ஜின் நன்றாகச் சூடானதும் அணைத்து, ஃபேனின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ரேடியேட்டரின் மேல் கையைப் படாமல் நகர்த்தினேன். மேலே அனல். நடுவிலும் கீழ் மூலையிலும் சில்லென்று இருந்தது. சூடான தண்ணீர் அங்கே போகவேயில்லை. நல்லவேளை, என்னுடையது செம்புக் குழாயும் பித்தளை டேங்கும் வைத்த பழைய ரகம். ஈயப் பற்றை இளக்கி டேங்கைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்ய முடியும். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரகமாக இருந்தால் புதுசுதான். கடைக்காரர் டேங்கைப் பிரித்துக் காட்டியபோது கால்வாசிக் குழாய்களின் வாய் வெள்ளையாக அடைத்திருந்தது. வீட்டுத் தண்ணீர் சுட வைக்கும் அண்டாவின் அடியில் படியுமே, அதே படிவம்.

எல்லாம் எங்கள் போர் தண்ணீரால் வந்த வினை. அவினாசிப் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து வரும் தண்ணீர். கால்சியமும் மக்னீசியமும் கரைந்து கிடக்கும். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த கோயம்புத்தூர்க்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாயில் வைக்க மாட்டார்கள். அதைத்தான் கூலண்ட் (துருத் தடுப்பு மருந்து உள்ள ரேடியேட்டர் திரவம்) கலக்காமல் வருசக்கணக்கில் ஊற்றியிருக்கிறேன். குழாய்களில் உப்பு படிந்ததும், துருத் தடுப்பு மருந்து இல்லாமல் அலுமினியம் அரித்ததும் இதனால்தான்.

புது தெர்மோஸ்டாட் மூடி, அதன் கேஸ்கெட், 82 டிகிரி தெர்மோஸ்டாட் மூன்றும் வாங்கினேன். மாட்டுவதற்கு முன் தெர்மோஸ்டாட்டை அடுப்பில் சோதித்தேன். "ஏங்கண்ணு, பால் காச்சற குண்டாவா கெடச்சுது?" என்றார் அம்மா. வேறு குண்டா மாற்றி, நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரையும் நட்டேன். 80 வரை அசைவில்லை. 82 தாண்டியதும் தகடு மெல்ல விலகி ஒரு ரூபாய்க் காசு நுழையும் சந்து விட்டது. 95இல் முழுசாகத் திறந்தது. அடுப்பை அணைத்ததும் மறுபடி மூடிக்கொண்டது. அம்மாவும் நின்று பார்த்தார்.

டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. முன்சக்கரம் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, குமிழி நிற்கும்வரை ஓடவிட்டேன். சிந்தியதை உடனே கழுவிவிட்டேன். கூலண்ட் இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும்.

போன சனிக்கிழமை மறுபடி திம்பம் ஏறினேன், ஏசி இல்லாமல், பின்சீட்டில் இரண்டு பேரோடு. இருபத்தேழாவது வளைவிலும் முள் பாதியைத் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்து ஆறியபின் பார்த்தேன். ரிசர்வ் டேங்கில் நான் மார்க்கரில் போட்ட கோட்டிலேயே நிற்கிறது.