ஹட்டன் வீட்டில் சிமுலேட்டர், இரத்மலானையில் விமானம்

கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில், விமானம் ஓட்டப் பழக என் முதல் பாடம். ஏறிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பயிற்றுநர் சேர் கேட்டார்: "வீட்டில சிமுலேட்டர் ஓட்டுறீங்க போல?" என் கண் முழுக்க மீட்டர்களிலேயே இருந்ததாம். அவர் ஒரு தாளை எடுத்து மீட்டர்களை மறைத்துவிட்டு, அடிவானத்தைப் பார்த்து ஓட்டச் சொன்னார். எனக்கு விமானத்தை நேராகவே வைத்திருக்கத் தெரியவில்லை.

மலைநாட்டு ஹட்டனில், பழைய கணினி ஒன்றில், விமானம் ஓட்டுவதுபோலவே காட்டும் சிமுலேட்டரில் இரண்டு வருடம் தனியாகப் பழகியதன் பலன் அது. வீட்டு சிமுலேட்டரில் ஓட்டும் மணித்தியாலம் எதுவும் லைசென்ஸுக்குக் கணக்கில் வராது. ஆனால் அங்கே பழகிய கெட்ட பழக்கம் மட்டும் கூடவே வந்துவிடும்.

என்னைத் திருத்தியவர் ஏற்கனவே லைசென்ஸ் எடுத்திருந்த தலவாக்கலை அண்ணா ஒருவர். முதல் வாரம் கணினியைத் தொடவே விடவில்லை. செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தின் காக்பிட் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி, செக்லிஸ்ட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சுவிட்ச்சையும் விரலால் தொடச் சொன்னார். அப்புறம்தான் சிமுலேட்டர். ஒரு தடவைக்கு அரை மணித்தியாலம், ஒரே ஒரு விஷயம். ஓட்டத்தை இடையில் நிறுத்திவைக்கும் பாஸ் (pause) பட்டனைத் தொடக்கூடாது. இறங்கும்போது வேகமோ உயரமோ பிசகினால் இழுத்துப்பிடிக்காமல் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். ஓட்டியதைப் பதிவுசெய்து அனுப்பினால், இரவு அழைத்து, "அந்த இடத்தில ஏன் தம்பி பவரைக் குறைச்சீங்க?" என்று கேட்பார். பதில் தெரியாவிட்டால் மறுநாள் அதே பயிற்சிதான்.

ரேடியோவில் பேசுவது, சர்க்கிட்டில் (ஓடுபாதையைச் சுற்றிப் பறந்து வந்து இறங்கும் பாதையில்) எதற்குப் பிறகு எது என்பதெல்லாம் இப்படித்தான் எனக்குப் படிந்தது. தரையிறங்குவது மட்டும் படியவில்லை. ஓடுபாதை எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைக் கடைக்கண்ணும் சேர்ந்துதான் கணிக்கிறது. ஒற்றைத் திரையில் அது கிடைக்காது. ட்ரிம் (கைப்பிடியின் பாரத்தைக் குறைக்கும் அமைப்பு) சரியில்லாதபோது கையில் தெரியும் பாரமும் அப்படித்தான். அவற்றை விமானத்தில், சேர் பக்கத்தில் இருக்கும்போதுதான் கற்றேன்.

மலைநாட்டுப் பிள்ளைகள் கட்டாயம் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. 1974 டிசம்பர் 4 இரவு, ஹஜ் யாத்திரிகர்களோடு இந்தோனேசியாவிலிருந்து வந்த டிசி-8 விமானம் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் சப்த கன்னி மலையில் மோதியது. 191 பேரும் இறந்தார்கள். இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, மலைக்கு மேலேயே உயரத்தைக் குறைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்லும் கதை அது. அண்ணா சிமுலேட்டரில் அதே மலைகளுக்கு மேல் மேகத்தைப் போட்டு, "இப்ப எங்க இருக்கீங்க? எவ்வளவு உயரம் பாதுகாப்பு?" என்று கேட்டார். பேனாவும் வரைபடமும் எடுத்துக் கணக்குப் போட்டேன்: இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 8,281 அடி, மலைப்பகுதிக்கு மேலதிகமாக 2,000 அடி, ஆக 10,300 அடியாவது வேண்டும். திரையில் நான் 6,000 அடியில் இருந்தேன். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அண்ணா போன்ற வழிகாட்டி சொல்வதும் பயிற்றுநர் சொல்வதும் முரண்பட்டால் பயிற்றுநர் சொல்வதையே கேளுங்கள்; உங்களோடு விமானத்தில் இருப்பவர் அவர்தான். கையில் காசு கொஞ்சம்தான் என்றால், நல்ல கிராஃபிக்ஸ் கார்டுக்கு முன்னால் ரடர் பெடல் (விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் கால்மிதி) வாங்குங்கள். நான் மாற்றிச் செய்தேன். என் கால்கள் வேலை பழகவே பல பாடங்கள் போயின.