ஏழு மாதம் வராத மாதவிடாயும் என் முன்னங்கால் எலும்பும்

வலது காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே ஒரு இடம். விரல் நுனியால் அழுத்தினால் உயிர் போகும். அரை விரல் தள்ளி அழுத்தினால் ஒன்றுமே இருக்காது. இரண்டு வாரம் அதை அழுத்திப் பார்த்துக்கொண்டே ஓடினேன். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ.யில்தான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது தொடர்ந்து அழுத்தம் விழுந்து எலும்பில் வரும் மெல்லிய விரிசல், என்று தெரிந்தது. நல்லவேளையாக டாக்டர் காலோடு விடவில்லை. "கடைசியா பீரியட்ஸ் எப்போம்மா வந்துச்சு?" என்று கேட்டார். விரல் விட்டு எண்ணினேன். ஏழு மாதம்.

அந்த ஏழு மாதமும் எனக்குக் கவலையே இல்லை. போட்டி நாளில் தொல்லை இல்லையே என்று நிம்மதியாகக்கூட இருந்தது. கடுமையாகப் பயிற்சி செய்தால் நின்றுபோவது சகஜம் என்றுதான் நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொன்னதில்லை.

முதலில் கர்ப்பப் பரிசோதனை. பிறகு மாதவிடாயோடு தொடர்புடைய ஹார்மோன்களுக்கு ரத்தப் பரிசோதனை: தைராய்டு, புரோலாக்டின், சினைப்பையை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன். கூடவே சினைப்பை ஸ்கேன். பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இல்லை, வேறு கட்டி எதுவும் இல்லை. ஆனால் எல்.எச்., ஈஸ்ட்ரோஜன் இரண்டும் தரையில் கிடந்தன. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் இசட் ஸ்கோர், அதாவது என் வயதுக்காரர்களின் சராசரியோடு ஒப்பிட்ட அளவு, மைனஸ் 1.6. ஓடுகிறவர்களுக்கு எலும்பு மற்றவர்களைவிட உறுதியாக இருக்க வேண்டும், அதனால் மைனஸ் 1-க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"மாத்திரை போட்டா வந்துடுமே?" என்று கேட்டேன். கருத்தடை மாத்திரையில் வருவது மருந்தை நிறுத்தும்போது வரும் உதிரப்போக்கு மட்டும்தான். கருமுட்டை வெளியாகி வருவதல்ல, அது எலும்பையும் மீட்டுத் தராது, சரியாகிவிட்டதா இல்லையா என்பதையும் மறைத்துவிடும் என்று நிதானமாக விளக்கினார். அந்த ஐந்து நிமிட விளக்கத்துக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

என் எடை ஒரு வருடமாக மாறவே இல்லை. நான் ஏமாந்தது அங்கேதான். உணவியல் நிபுணர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு நான் சாப்பிட்டது சுமார் 1800 கலோரி. பயிற்சியில் போனது 700. மீதி 1100. கொழுப்பைக் கழித்த என் உடல் எடை 42 கிலோ. வகுத்தால் கிலோவுக்கு 26 கலோரி. சுமார் 45 இருந்தால் உடம்பு எல்லா வேலையையும் பார்க்கும்; 30-க்குக் கீழே போனால் ஆபத்து. கையிருப்பு குறைந்ததும் மூளையின் ஹைப்போதலாமஸ், பிள்ளைப்பேறு சம்பந்தப்பட்ட செலவைத்தான் முதலில் வெட்டுகிறது. அங்கிருந்து மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும் ஹார்மோன் துடிப்பு மந்தமாகிறது, கருமுட்டை வளர்வதில்லை, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, எலும்பு கரைகிறது. எடை அப்படியே நின்றதற்குக் காரணம், உடம்பு மற்ற செலவுகளையும் சுருக்கிக்கொண்டதுதான். எப்போதும் சில்லென்றிருந்த என் கைகளுக்கும் அதுவே காரணம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. ஆண்களுக்கும் வருகிறது.

கால் ஆறும்வரை ஓட்டம் கிடையாது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். சாப்பாட்டைக் கூட்டியதுதான் பெரும்பாடு. வெறும் வயிற்றில் பயிற்சி கூடாது, முடித்தவுடன் சாப்பிட வேண்டும், பசிக்கக் காத்திருக்கக் கூடாது. மூன்று கிலோ ஏறிய அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோச் முதலில், "சீசன் போயிடுமேம்மா" என்றார். ஸ்கேன் ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். மறுநாள் அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு ஓட்டங்களை அவரே நீக்கியிருந்தார்.

சாப்பாட்டைக் கூட்டிய ஐந்தாம் மாதம் வெள்ளை வழுவழுப்பாகக் கசிவு தெரிந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏறுவதற்கான அறிகுறி என்றார் டாக்டர். இன்னொன்றும் சொன்னார்: முதல் உதிரப்போக்குக்கு முன்பே கருமுட்டை வெளியாகலாம், வரவில்லையே என்று கருத்தடையில் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

ஏழாம் மாதம் மாதவிடாய் வந்தது. அதற்கடுத்தது 41 நாளில், பிறகு 36, பிறகு 31. காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். இப்போது வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறேன். எலும்பின் அடர்த்தி ஏறுவதற்கு, மாதவிடாய் திரும்புவதைவிட நாளாகும் என்கிறார்கள். அடுத்த மாதம் மறுபடி டெக்ஸா ஸ்கேன்.