சுவர் எடுத்து முடிந்த பிறகு கவுன்சில் சான்றிதழ் எடுத்த அனுபவம்

வீட்டில் செய்த வேலை கட்டட விதிப்படி இருக்கிறது என்று கவுன்சில் கொடுக்கிற சான்றிதழ் இந்தக் கிழமைதான் கைக்கு வந்தது. வந்தும் கோபம் தணியவில்லை. இங்கிலாந்தில் வீட்டைத் திருத்திவிட்டு விற்க நினைக்கிற யாரும் எங்களைப் போல அலையக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வேலை பெரிதல்ல. 1930களில் கட்டிய வீடு. குசினிக்கும் பின்னறைக்கும் நடுவில் மேல்மாடியைத் தாங்கி நின்ற சுவரை எடுத்துவிட்டு இரும்பு பீம் போட்டோம். 2024இல் எல்லாம் முடிந்தது. பில்டர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். "தம்பி, கவுன்சில் அலுவல் எல்லாம் நான் பாக்கிறன், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார். கொட்டேஷனிலும் 'பில்டிங் கொன்ட்ரோல் உட்பட', அதாவது கட்டட விதிப் பரிசோதனையும் சேர்த்து, என்று எழுதி, அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினார். வீட்டை விற்கப் போட்டு, வாங்குபவரின் சொலிசிட்டர் கம்ப்ளீஷன் சான்றிதழ் (வேலை விதிப்படி முடிந்ததற்கான சான்று) எங்கே என்று கேட்ட பிறகுதான் உண்மை வெளியில் வந்தது. கவுன்சிலுக்கு அவர் ஒரு நோட்டீஸ்கூடக் கொடுத்திருக்கவில்லை. அன்றோடு போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார். வீட்டு வேலை செய்விக்கிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள்: கடைசித் தவணைக் காசை, கம்ப்ளீஷன் சான்றிதழைக் கண்ணால் கண்ட பிறகே கொடுங்கள். சொந்தக்காரராக இருந்தாலும் அப்படித்தான்.

அடுத்தது எஸ்டேட் ஏஜென்ட். கவுன்சிலுக்கு போன் பண்ணிப் பிரதி கேட்டால் தருவார்கள் என்று சொன்னார். நானும் விலாசத்தைச் சொல்லிக் கேட்டேன். எங்கள் சொலிசிட்டர் இதைக் கேள்விப்பட்டதும் துடித்துப் போனார். சான்றிதழ் இல்லாத வேலைகளுக்கு இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எடுத்து விற்பனையை முடிக்கிற வழி ஒன்று இருக்கிறது. ஆனால் விஷயம் கவுன்சிலின் காதுக்குப் போய்விட்டால் அந்த இன்சூரன்ஸ் கிடைக்காது. தினமும் வீடு விற்கிற ஏஜென்டுக்கு இது தெரியாதா? ஆகவே கவுன்சிலோடு கதைக்க முதல், உங்கள் சொலிசிட்டரோடு கதையுங்கள்.

அந்த இன்சூரன்ஸ் கிடைத்திருந்தாலும் எனக்கு நிம்மதி வந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் செலவைத்தான் அது பார்க்கும். பீம் சரியாக இருக்கிறதா என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. எங்கள் பிள்ளைகள் படுக்கிற அறை அந்தப் பீமுக்கு நேர் மேலே.

"ஒரு வருசம் போனால் கவுன்சில் ஒண்டும் செய்யேலாது" என்றும் பலர் ஆறுதல் சொன்னார்கள். அது பழைய சட்டம். விதிப்படி இல்லாத வேலையை இடி அல்லது திருத்து என்று நோட்டீஸ் கொடுக்கிற காலம் 2023 அக்டோபரோடு இங்கிலாந்தில் பத்து வருடமாகிவிட்டது.

கவுன்சிலில் போன் எடுத்தவர் என்னைப் பிளானிங் (திட்ட அனுமதி) பகுதிக்கு மாற்றிவிட்டார். அவர்கள் யோசித்து யோசித்து, உள்சுவர் எடுக்க அனுமதி தேவையில்லை என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். வாங்குபவரின் சொலிசிட்டர் அதை அப்படியே திருப்பி அனுப்பினார். நாங்கள் கேட்டது பில்டிங் ரெகுலேஷன், அதாவது கட்டட விதிகள் பற்றி. அது வேறு பகுதி, வேறு சட்டம். இதை முதல் போனிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு நாள் மிஞ்சியிருக்கும். இடையில் ஒரு தனியார் பரிசோதனை நிறுவனமும் விபரமெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு இழுத்தடித்துவிட்டு, கடைசியில் முடிந்த வேலைக்குத் தங்களால் சான்றிதழ் தர முடியாது என்றது. முடியாதுதான். அறிவிக்காமல் செய்த வேலைக்குப் பின்னால் கொடுக்கிற ரெகுலரைசேஷன் சான்றிதழைக் கவுன்சில் மட்டுமே கொடுக்கலாம். 1985 நவம்பர் 11க்குப் பிறகு தொடங்கிய வேலைகளுக்கு அது கிடைக்கும். கட்டணம் வழமையானதைவிடக் கூட. வாட் வரி மட்டும் இல்லை.

படிவம் நிரப்புவதில் சிரமம் இல்லை. மின்சார வேலைக்கான சான்றிதழையும் எலெக்ட்ரீஷியன் கேட்டவுடன் அனுப்பிவிட்டார். சிக்கல் முழுக்கப் பீமில்தான். அது பாரத்தைத் தாங்கும் என்று காட்டுகிற கணக்கு எங்கே என்று கவுன்சிலில் கேட்டார்கள். பில்டரிடம் இருந்ததோ என்னவோ, எங்களுக்குத் தரவில்லை. ஸ்ட்ரக்சரல் எஞ்சினியர் ஒருவரைப் பிடித்தோம். அவர் வந்ததுதான் இந்த அலைச்சலில் நடந்த முதல் நல்ல காரியம். பீமை மூடியிருந்த சீலிங் பெட்டியில் சின்னதாக வெட்டி, டோர்ச் அடித்து, பீமின் விளிம்பைக் கலிப்பரால் அளந்தார். 203க்கு 133 பீம் மீற்றருக்கு 25 கிலோவிலும் வரும், 30 கிலோவிலும் வரும். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான். விளிம்பின் தடிப்பு 7.8 மில்லிமீற்றர் என்றால் 25, 9.6 என்றால் 30. எங்களுடையது 25. அதுவே போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அன்றிரவுதான் நிம்மதியாகப் படுத்தேன்.

கவுன்சில் இன்ஸ்பெக்டர் முழுப் பெட்டியையும் கழற்றிக் காட்டச் சொன்னார். தீப்பாதுகாப்புப் பலகை எத்தனை அடுக்கு என்று அவர் பார்க்க வேண்டுமாம். இங்கே கைகொடுத்தது மனைவியின் போன். வேலை நடந்த நாட்களில் ஊரில் இருக்கிற மாமிக்கு தினமும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தா. ஒரு படத்தில் பீமைச் சுற்றி ரோஸ் நிறப் பலகை முதல் அடுக்கு, அடுத்த நாள் படத்தில் இரண்டாவது அடுக்கு. திகதியோடு எல்லாம் தெளிவாக இருந்தது. எஞ்சினியரின் கடிதத்தோடு அந்தப் படங்களையும் வைத்ததும், இரண்டு முனைகளை மட்டும் திறந்தால் போதும் என்று இறங்கி வந்தார். படம் எடுக்கும்போது பீமின் முனைகள் சுவரில் குந்துகிற இடத்தைக் கிட்ட நின்று எடுங்கள். எங்களிடம் இல்லாமல் போனது அதுதான்.

முனைகளைத் திறந்து வைத்து, பிளாஸ்டிக் விரித்து, தூசிக்குள் காத்திருந்தோம். சொன்ன நாளில் இன்ஸ்பெக்டர் வரவில்லை. கேட்டால், மின்னஞ்சல் போட்டோம் என்றார்கள், எங்களுக்கு வரவில்லை. பிறகு வந்தது வேறொருவர், ஃபைலைப் படிக்காமலே வந்தார். அதனால் எல்லாக் கடிதத்தையும் படத்தையும் அச்செடுத்து மேசையில் வைத்திருங்கள்.

அவர் வந்தபோதுதான் பில்டரின் வேலை முழுதாகத் தெரிந்தது. ஒரு முனைக்குக் கீழே கொங்கிரீட் பாட்ஸ்டோன், அதாவது பீமின் பாரத்தைச் சுவரில் பரப்பிவிடுகிற கட்டை, இருந்தது. மற்ற முனையில் ஒன்றுமே இல்லை. பீம் நேராகப் பழைய செங்கல்லில் குந்தியிருந்தது, கல்லில் மயிர்க்கோடாக வெடிப்பு. மேல்மாடியின் பாரம் முழுக்க அந்தக் கல்லில். வேறு பில்டரைப் பிடித்து, முட்டுக்கம்பி கொடுத்து, பாட்ஸ்டோன் வைத்து, திரும்ப இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் காட்டினோம். செலவு எங்கள் தலையில். ஆனாலும் இந்தப் பரிசோதனைக்காகக் கவுன்சிலுக்கு நன்றி சொல்கிறேன். வெறும் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அந்த வெடிப்பு யாருக்கும் தெரியாமலே பெருத்திருக்கும்.

சான்றிதழை அனுப்பிய பிறகும் வாங்குபவரின் சொலிசிட்டர் விடவில்லை. 'இது சான்று, ஆனால் முடிவான சான்று அல்ல' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு விளக்கம் கேட்டார். சாதாரணக் கம்ப்ளீஷன் சான்றிதழிலும் அதே வரிதான் இருக்கும் என்று எங்கள் சொலிசிட்டர் பதில் எழுதினார். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து கேள்வி எதுவும் வரவில்லை. அடுத்த கிழமை எக்ஸ்சேஞ்ச், அதாவது விற்பனை ஒப்பந்தம் கைமாறுகிற நாள்.