பலூனில் முடிந்த கதை

பிலிப் புல்மன் 1995இல் எழுதிய ‘நார்தர்ன் லைட்ஸ்’ நாவலை மீண்டும் வாசித்து முடித்த கையோடு, அதன் திரைப்படத்தையும் தொலைக்காட்சித் தொடரையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். அந்நாவலின் உலகில் ஒவ்வொருவருடைய உயிரும் ஒரு விலங்காக உடலுக்கு வெளியே நடமாடுகிறது. அதற்கு டீமன் என்று பெயர். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த அரக்கனின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. ஆனால் நம் அரக்கன் கிளியைத் தொலைவில் வைத்து நிம்மதியாக இருந்தான். இங்கோ டீமன் சற்று விலகினாலே வலி தாங்காது. குழந்தைகளிடமிருந்து அதை வெட்டிப் பிரிப்பதே கதையின் மையக் கொடுமை.

அப்படிப் பிரிக்கப்பட்ட டோனி மக்காரியோஸ் என்னும் சிறுவனைக் கதையின் நாயகியான சிறுமி லைரா கண்டெடுக்கும்போது, அவன் ஒரு கருவாட்டுத் துண்டை, தன் டீமனை அணைத்திருந்ததுபோல, மார்போடு அணைத்திருக்கிறான். அவன் இறந்தபின் அதை யாரோ நாய்களுக்குப் போட்டுவிட்டார்கள் என்றறிந்து கொதிக்கும் லைரா, ஒரு பொற்காசில் ‘ராட்டர்’ என்று அவன் டீமனின் பெயரைக் கீறி அவன் வாயில் வைக்கிறாள். நாவலில் என்னை அதிகம் உலுக்கிய பக்கம் இதுதான்.

படமும் தொடரும் டோனிக்குப் பதிலாக பில்லி கோஸ்டாவை அங்கே வைத்தன. பார்வையாளருக்கு முன்பே பழக்கமான பையன், தேடி அலையும் தாய் உடையவன் என்பதால் இந்த மாற்றத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2007இல் கிறிஸ் வைட்ஸ் இயக்கிய ‘தி கோல்டன் காம்பஸ்’ படம் அவனைத் தாயிடம் சேர்த்துவிட்டு நகர்கிறது. பிபிசியும் எச்பிஓவும் 2019இல் தொடங்கிய தொடரிலோ தாய் அருகிலிருக்க அவன் உயிர் பிரிகிறது.

முடிவிலும் இதே கதைதான். நண்பன் ரோஜரை லைராவே அறியாமல் பலியிடத்துக்கு அழைத்துச் செல்வதும், அவளுடைய தந்தை அஸ்ரியல் அவனைக் கொன்று வேற்றுலகுக்கு வழி திறப்பதும் நாவலின் கடைசி அத்தியாயங்கள். படமாக்கிய பிறகும் அவற்றை அடுத்த பாகத்துக்கென ஒதுக்கிவிட்டு, லைராவும் ரோஜரும் நம்பிக்கையோடு பலூனில் பறப்பதாகப் படத்தை முடித்தார்கள். சுமார் 18 கோடி டாலர் செலவான படம் அமெரிக்காவில் ஏறத்தாழ 7 கோடிதான் வசூலித்தது. அடுத்த பாகம் வரவேயில்லை. ஆக, திரையில் ரோஜர் சாக 12 ஆண்டுகள் ஆயின.

ஜாக் தோர்ன் எழுதிய தொடர் முதல் பருவத்தின் எட்டாம் அத்தியாயத்தில் அவனைத் தயங்காமல் சாகவிட்டது. அவகாசம் மிகுந்ததால் வந்த துணிவு இது என்று ஒரு நண்பர் வாதிட்டார், எனக்கு உடன்பாடில்லை. அதே தொடர் கூட்டக் காட்சிகளில் டீமன்களைக் காட்டச் சிக்கனம் பிடித்தது, யாருடைய உயிர் எங்கே என்று நான் தேட வேண்டியிருந்தது. டீமன்களுக்குப் பதிலாகப் பொம்மைகளை வைத்து நடிகர்களைப் பழக்கிய உழைப்பெல்லாம் முக்கியப் பாத்திரங்களோடு நின்றுவிட்டது.

படத்துக்கும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். நிக்கோல் கிட்மன் தன் டீமனான பொன்னிறக் குரங்கை ஓங்கி அறைந்துவிட்டு, அடுத்த கணமே அதை வாரி அணைத்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகளை மட்டும் நான் மூன்று முறை திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.