அத்தாவின் துபாய்ப் படங்களுக்கு ஆண்டு கண்டுபிடித்த கதை

அத்தா 1970களின் கடைசியில் ஷட்டரிங் கார்பெண்டராக, அதாவது கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் தச்சராகத் துபாய் போனவர். அங்கே எடுத்த படங்கள் ஒரு பசை ஆல்பத்தில் கிடந்தன. எதிலும் இடமோ தேதியோ இல்லை. கேட்டால் "சைட்டு" என்பார், அவ்வளவுதான். மணல், பலகை, கம்பி, தலையில் துண்டு கட்டிய நாலு பேர். எல்லாச் சைட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன.

முதலில் படங்களை உரித்தாக வேண்டும். பிடித்து இழுத்தால் கிழிந்துவிடும். டென்டல் ஃப்ளாஸைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு மெல்ல அறுத்துத்தான் எடுத்தேன். பிறகு ஒரு ஸ்டூடியோவில் ஸ்கேனுக்குக் கொடுத்தால், வெள்ளை ஓரத்தை வெட்டி, முகங்களைப் பளபளப்பாக்கித் தந்தார்கள். பின்பக்கத்தைத் தொடவே இல்லை. நமக்கு வேண்டியது முகப்பொலிவா? ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கி, 600 டிபிஐயில் இரண்டு பக்கத்தையும் நானே எடுத்தேன். படங்கள் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தன. அந்தக் காலத்து வண்ணத்தாளில், இருட்டில் வைத்திருந்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடும். அசலை அப்படியே சேமித்துவிட்டு, நிறத்தை நகலில் மட்டும் சரிசெய்தேன்.

அப்புறம்தான் உண்மையான வேலை. ஆட்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க ஆரம்பித்தேன். பாலங்கள் உதவவில்லை. 1963இல் திறந்த மக்தூம் பாலம், 1975இன் ஷிந்தகா சுரங்கப்பாதை, 1976இன் கர்ஹூத் பாலம் எல்லாமே அத்தா போவதற்கு முன்பே வந்துவிட்டவை. கைகொடுத்தது டிரேட் சென்டர்தான். பழைய 100 திர்ஹாம் நோட்டின் பின்பக்கத்தில் இருக்குமே, அந்தக் கோபுரம். 39 மாடி, 149 மீட்டர், 1979இல் திறப்பு. ஒரு படத்தில் தூரத்தில் அதன் உச்சியில் கிரேன் நிற்கிறது. ஆக, திறப்புக்கு முந்தைய படம். இன்னொன்றில் முழுதாக முடிந்து, சுற்றிலும் வெறும் மணலோடு தனியாக நிற்கிறது. இன்று ஷேக் சயீத் சாலையில் அந்தக் கோபுரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்த ஊர்ப் படங்களில் இருப்பதைவிட இல்லாதவைதான் அதிகம் சொல்கின்றன.

திசைக்கு நிழலைப் பிடித்துக்கொண்டேன். துபாய் கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கே விழும். நம் ராமநாதபுரத்தில் அப்படி இல்லை, சில மாதங்கள் தெற்கே விழும். சாப்பாட்டு நேரத்தில் எடுத்த படங்கள் என்று அத்தா சொன்னவற்றுக்கு இதுவே போதுமாக இருந்தது.

கடலோரப் படம் ஒன்றுக்குத்தான் சண்டை. அத்தா ராஷித் துறைமுகம் என்றார். அது ஊரை ஒட்டியது, 1972இலேயே திறந்துவிட்டது. படத்திலோ கண்ணுக்கெட்டியவரை ஒரு வீடுகூட இல்லை. இலவசமாகக் கிடைக்கும் பழைய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தேன். கட்டடம் தெரியாது, கரையோரத்தின் வடிவம் தெரியும். எனக்கு, ஊரைவிட்டுத் தள்ளி அப்போது கட்டிக்கொண்டிருந்த ஜெபல் அலி துறைமுகம் என்றே பட்டது. அத்தா ஒத்துக்கொள்ளவில்லை.

கேம்பில் அவரோடு இருந்த மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் கடலையும் பார்க்கவில்லை, மணலையும் பார்க்கவில்லை. "மச்சான் போட்டிருக்கிற சட்டை என்னோடது, ஜெபல் அலி கேம்பிலதான் காணாமப் போச்சு" என்றார். கோப்புக்கு 'ஜெபல் அலி, ஏறக்குறைய 1978' என்று பெயர் வைத்துவிட்டேன். சட்டை விவகாரம் இன்னும் முடியவில்லை.