மைதானத்துக்குப் பின்னால் இருந்த மரவேலை அறை

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிரார்த்தனை மண்டபத்தையும் பிக் மாட்ச் என்ற பெரிய கிரிக்கெட் போட்டியையும் விடுதிச் சாப்பாட்டையும் பற்றித்தான் எழுதுவார்கள். எனக்கும் அவையெல்லாம் நினைவில் இருக்கின்றன. ஆனால் எனக்குத் தொழில் தந்தது மைதானத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இருந்த மரவேலை அறை. அதைப் பற்றி எங்கள் மலரில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. கட்டுரை கொஞ்சம் நீண்டு போனாலும் மலர்க்குழுத் தம்பிமார் வெட்டாமல் போடவேணும்.

எங்கள் வயதுக்காரருக்கு என்.சி.ஜி.ஈ என்ற பொதுக் கல்விச் சான்றிதழ்ச் சோதனை என்றால் விளங்கும். 1972இல் இலங்கையில் வந்த கல்விச் சீர்திருத்தத்தில் ஓ.எல் என்ற சாதாரண தரச் சோதனையை எடுத்துவிட்டு அதைக் கொண்டுவந்தார்கள், கூடவே தொழில்முன்னிலைப் பாடங்களும் வந்தன. மரவேலை, விவசாயம், மீன்பிடி என்று ஊருக்கு ஏற்ற ஒன்றை எல்லாப் பிள்ளைகளும் படிக்கவேண்டும். 1977இல் அரசாங்கம் மாறியதும் அதைக் கைவிட்டு மறுபடி ஓ.எல்லுக்குப் போய்விட்டார்கள். அந்தத் திட்டத்தை இன்றைக்கும் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாடப்புத்தகம் நேரத்துக்கு வராது, பல பள்ளிக்கூடங்களில் படிப்பிக்க ஆளும் இல்லை, அதெல்லாம் உண்மைதான். ஆனால் டொக்டரின் மகனும் தபால்காரரின் மகனும் தச்சரின் மகனும் ஒரே மேசையில் நின்று மரம் அறுக்கும் ஒரே வாளைப் பிடித்தது அந்த நாலைந்து வருடத்தில்தான். அது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை.

மாஸ்டரை எல்லாரும் மரவேலை மாஸ்டர் என்றே சொல்வோம். வெள்ளை நஷனல் சட்டை, வேட்டி, காதில் ஒரு பென்சில். முதல் தவணை முழுவதும் அவர் எங்களை ஒரு சாமானும் செய்யவிடவில்லை. உளி தீட்டத்தான் படிப்பித்தார். உளியின் சரிவைச் சாணையில் 25 பாகைக்குப் பிடித்துவிட்டு, நுனியை மட்டும் 30 பாகையில் எண்ணெய்க்கல்லில் தீட்டவேணும். தீட்டத் தீட்டப் பின்பக்கத்தில் ஒரு மெல்லிய பிசிறு எழும்பும், விரலை வைத்தால் தெரியும். பிறகு உளியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கல்லில் தட்டையாக வைத்து அந்தப் பிசிறை எடுக்கவேணும். பின்பக்கத்தைக் கொஞ்சமாவது தூக்கிப் பிடித்தால் கையிலே ஒரு தட்டு விழும். உளி கூராகிவிட்டதா என்று பார்க்க அவர் நகத்தில் வைத்தெல்லாம் பார்ப்பதில்லை. மென்மையான மரத்துண்டொன்றை எடுத்து அதன் தலைப்பக்கத்தில், நார்கள் நம்மைப் பார்த்து நிற்கும் அந்தப் பக்கத்தில், ஒரு சீவு சீவச் சொல்வார். கூரான உளி பட்ட இடம் மினுங்கும், மொட்டை உளி நாரை நசித்து வெள்ளைப் புள்ளி புள்ளியாக விட்டுவிடும். "உளி பொய் சொல்லாதடா தம்பி, மரத்தைப் பார்" என்பார்.

அந்த அறையில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ரெக்கோட் கம்பனிச் சீவுளிகள், மரத்தை இழைக்கும் கருவிகள், சில இருந்தன. நீலப் பூச்சு அடித்த இரும்புச் சீவுளி, பழசுதான், ஆனால் மாஸ்டர் தேங்காயெண்ணெய் துடைத்துத் துடைத்து வைத்திருந்ததால் அடியில் ஒரு துளி கறள் கிடையாது. அதை வைத்துப் பலகையொன்றைச் சதுரிக்கும் முறையைப் படிப்பித்தார். முதலில் ஒரு முகத்தைச் சீவித் தட்டையாக்கி, அதில் பென்சிலால் ஓர் அடையாளம் போடவேணும். அதற்குப் பிறகு அந்த முகத்துக்கு மூலைமட்டமாக ஒரு விளிம்பு. மூலைமட்டத்தை வைத்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் கசியக்கூடாது. அந்த விளிம்புக்கும் ஓர் அடையாளம். அகலம், தடிப்பு எல்லா அளவும் அந்த இரண்டு பக்கத்திலிருந்துதான் எடுக்கவேணும், மற்றப் பக்கத்திலிருந்து எடுத்தால் பிழை பிழையோடு சேர்ந்து கூடிக்கொண்டே போகும். சரியாகச் சீவினால் சீவல் வெங்காயச் சருகு மாதிரிச் சுருண்டு வரும். அது வரும்வரைக்கும் எங்களுக்கு அடுத்த பாடம் இல்லை.

வாள் பிடிக்கப் பழகும்போது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, கோட்டைத் தின்னாதே என்பது. கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கத்தில் அறுக்கவேணும், அறுத்து முடிந்தாலும் பென்சில் கோடு மரத்தில் மிஞ்சி நிற்கவேணும். கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் முனை, வெட்டும்போது மரத்தின் தடிப்பை மூன்றாகப் பிரித்து நடுப்பங்கைக் கழுந்துக்கு விடவேணும், முதலில் துளையை வெட்டிவிட்டு அந்தத் துளைக்கு ஏற்றபடி கழுந்தைச் சீவவேணும். ஏன் என்று கேட்டோம். துளையைத் திருத்துவது கஷ்டம், கழுந்தை ஒரு சீவு கூடச் சீவலாம், அவ்வளவுதான் என்றார். கதவுக்குப் பலகை போடும்போது சட்டத்தின் தவாளிப்புக்குள், அந்த நீளப் பள்ளத்துக்குள், பலகையைப் பசை போடாமல் சும்மா விடவேணும், மாரியில் ஊதும், கோடையில் சுருங்கும், இறுக்கிப் பிடித்தால் வெடிக்கும். இதையெல்லாம் அவர் கரும்பலகையில் எழுதிப் போட்டதில்லை. கதவொன்றைக் கழற்றிக் கையில் தந்து சொல்லித் தந்தார்.

ஒரு நாள் எல்லாரையும் மரம் அறுத்து விற்கும் மரக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதிரை, பாலை, சமண்டலை, தேக்கு, வேம்பு, பூவரசு எல்லாவற்றையும் தொட்டு, மணந்து, தூக்கிப் பார்க்கச் சொன்னார். முதிரை வன்னியிலிருந்து வரும், யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிறவருக்கு நிலைக்கும் கதவுக்கும் முதிரை கிடைத்துவிட்டால் மனம் நிறைந்துவிடும். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் பட்டால் கடிக்கும், அதை அறுக்கும்போது முழுக்கைச் சட்டை போடச் சொல்லுவார். பனை வேறு விதம். மற்ற மரங்களுக்கு வைரம் உள்ளே, பனைக்கு வைரம் வெளியே. வெளிப்புறம் கறுப்பு நார் ஓடி இரும்பாய் இருக்கும், நடுவில் மென்மையான சோத்திதான். அதனால்தான் பனையைப் பிளந்து சோத்தியைக் கழித்துக் கூரை வளைகளுக்கும் சிலாகைச் சட்டங்களுக்கும் எடுக்கிறார்கள், கூரைத் தண்ணீர் ஓடப் பீலியும் செய்கிறார்கள். முற்றாத பனையில் சிலாகை எடுத்தால் கூரை தொங்கிவிடும். அன்றைக்குப் பனஞ்சிலாம்பு ஏறாத கையோடு யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் சமூகத்தில் மரவேலை என்றால் படிப்பு ஏறாத பிள்ளைக்கு விட்ட வழி. டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் இந்த மூன்றுக்கும் கீழே மிச்சமெல்லாம் ஒன்றுதான். அதோடு சாதியும் சேர்ந்துகொண்டது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை அரைகுறை. "எங்கட பிள்ளைக்கு ஏன் ஆசாரி வேலை" என்று தாய் தகப்பன்மார் பள்ளிக்கூடத்துக்கே வந்து கேட்டார்கள். தேர் செய்தவர்களை, வாகனம் கொத்தினவர்களை, எங்கள் வீட்டு நிலைக்கு நாள் பார்த்துப் பூசை வைத்து நிறுத்தினவர்களைத் திண்ணைக்கு இந்தப் பக்கம் விடாத ஊர் அது. எனக்கு அது அப்போதும் பொறுக்கவில்லை, இப்போதும் பொறுக்கவில்லை.

சோதனை முடிந்ததும் நான் ஓர் ஆசாரியாரிடம் வேலை பழகப் போனேன். வீட்டில் பெரிய சண்டை. அம்மா மட்டும் "அவன் விரும்பினதைச் செய்யட்டும்" என்றா. ஆசாரியாரை நான் ஐயா என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னைத் தம்பி என்பார். மாஸ்டர் தந்தது அடிப்படை, ஐயா தந்தது வேகமும் கணக்கும். அவரிடம் ஒரு நீளமான மெல்லிய சட்டம் இருக்கும், வேலை தொடங்கும்போது அலுமாரியின் தட்டு, கதவு, காற்சட்டம் எல்லாவற்றின் அளவையும் அதில் கீறிவிடுவார். பிறகு அடிமட்டத்தைத் தொடுவதே இல்லை. எண் வாசித்தால்தானே எண்ணில் பிழை வரும். இன்றைக்கும் சமையலறை அலுமாரி செய்யும்போது நான் அப்படி ஒரு சட்டம் வைத்துக்கொள்கிறேன், லேசர் மானி பையில் இருந்தாலும்கூட.

83 கலவரத்துக்கும் போருக்கும் பிறகு வீடு கட்டுகிறவர்கள் குறைந்தார்கள், பிறகு நின்றே போயிற்று. பனங்குற்றிகள் பதுங்குகுழிகளுக்குப் போயின. நான் 87இல் ரொறொன்ரோ வந்து சேர்ந்தேன். வந்த புதிதில் எல்லாரையும் போலக் கோப்பை கழுவினேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு ஒரு வீட்டுக் கட்டட வேலையில் கூலியாளாகச் சேர்ந்தேன். அங்கே போர்மன், வேலையை மேற்பார்க்கிறவர், ஒரு போர்த்துக்கேயர். கதவு மாட்டுகிறவர் ஒரு நாள் வராததால் யாருக்குப் பிணைச்சல் (கதவுக் கீல்) பதிக்கத் தெரியும் என்று கேட்டார். நான் கை தூக்கினேன். பிணைச்சல் தகட்டைச் சட்டத்தில் வைத்துக் கத்தியால் ஓரம் கீறி, உளியால் குறுக்கே சின்னச் சின்னதாகக் கொத்தி, பிறகு உளியைத் தட்டையாகப் பிடித்துச் சீவி எடுத்துத் தகட்டை வைத்தேன். அவர் பெருவிரலால் தகட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார், மேலேயும் இல்லை கீழேயும் இல்லை. ஒன்றும் சொல்லவில்லை, அந்தத் தளத்துக் கதவு எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். பயிலுநராகப் பதியச் சொல்லிப் படிவம் வாங்கித் தந்ததும் அவர்தான்.

இங்கே தச்சுப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று எங்கள் பிள்ளைகளுக்கும் தாய் தகப்பனுக்கும் சரியாகத் தெரியாது, ஆகவே சொல்கிறேன். ஒன்ராறியோவில் பொதுத் தச்சருக்கான பயிற்சி 7200 மணித்தியாலம். அதில் 720 மணித்தியாலம் மட்டும் வகுப்பு, மூன்று கட்டமாக, ஒவ்வொன்றும் முழுநேரமாகப் படித்தால் எட்டுக் கிழமை. மிச்சமெல்லாம் சம்பளத்தோடு வேலைத்தளத்தில். படிக்கப் படிக்கச் சம்பளம் கூடும், கடன் ஏறாது. கடைசியில் சோதனை, 70 புள்ளி எடுத்தால் ரெட் சீல் முத்திரையோடு சான்றிதழ், அதைக் கொண்டு கனடாவில் எந்த மாகாணத்திலும் வேலை செய்யலாம். உயர்தரப் பள்ளியில் 11ஆம், 12ஆம் வகுப்பில் இருக்கும்போதே தொடங்குவதற்கு இளையோர் பயிலுநர் திட்டம் இருக்கிறது. ஊரில் வேலை தெரிந்து வந்தவர்கள் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை, செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி மதிப்பீடு செய்வித்து நேரே சோதனைக்குப் போகலாம். இது தெரியாமல் எத்தனையோ நல்ல கைகள் இந்த நகரத்தில் தொழிற்சாலை லைனில் நின்று வயதைக் கழித்துவிட்டன.

வகுப்புக்கு ஜோர்ஜ் பிரவுண் கல்லூரியின் காசா லோமா வளாகத்துக்குப் போனேன். பாதி எனக்குத் தெரிந்த பாடம், பாதி முழுக்கப் புதுசு. மரம் புதுசு: முதிரை தூக்கின தோளுக்கு இங்கத்தைய லேசான ஸ்புரூஸ் மரம் ஒரு பாரமா. இரண்டுக்கு நாலு என்று சொல்லுவார்கள், அளந்தால் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். சுவர்ச் சட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்துவது, நாலடிக்கு எட்டடிப் பலகையின் ஓரம் சரியாகச் சட்டத்தில் வந்து விழவேண்டும் என்பதற்காக. நாடே மெற்றிக்கில் ஓடினாலும் வீட்டுத் தச்சன் இங்கே அங்குலத்தில்தான் பேசுவான். எங்கள் புத்தகம் சென்ரிமீற்றருக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் மாஸ்டர் பிடிவாதமாக அங்குலமும் படிப்பித்தது இங்கேதான் கைகொடுத்தது. அத்திவாரத்துக்கு மூலை பார்க்க மூன்று, நாலு, ஐந்து என்று நூல் பிடிக்கிறார்களே, அதை அவர் மைதானத்தில் வலைப்பந்துக் களத்துக்குக் கோடு போடும்போதே காட்டித் தந்துவிட்டார்.

படிக்கட்டுப் பாடத்தில்தான் பலர் தடுமாறுவார்கள். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை 108 அங்குலம் என்று வையுங்கள். ஒரு படிக்கு ஏழரை என்று பிரித்தால் 14.4 வரும், அரைகுறைப் படி கட்ட ஏலாது, ஆகவே 15 ஏற்றம், ஒவ்வொன்றும் 7.2 அங்குலம். மிதிக்கிற தட்டு 14தான், ஏனென்றால் கடைசி ஏற்றத்துக்கு மேல்தளமே தட்டு. அதோடு முடியவில்லை. பக்கச் சட்டத்தை வெட்டும்போது அடிப்படியில் மிதிபலகையின் தடிப்பைக் கழிக்கவேணும். கழிக்காவிட்டால் பலகைகளைப் போட்ட பிறகு முதற்படி உயர்ந்தும் கடைசிப்படி தாழ்ந்தும் நிற்கும், கால் இடறும். கண் பார்க்காமலே கால் அடுத்த படியை எதிர்பார்க்கிறது, அதனால்தான் ஒரு படிக்கட்டில் எல்லா ஏற்றமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டடச் சட்டமும் கண்டிப்பாகச் சொல்கிறது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் பார்த்தபோது பலகையில் மாஸ்டர் போடச் சொன்ன இரண்டு அடையாளங்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

இப்போது எங்கள் சங்கம் பள்ளிக்கூடத்து மரவேலை அறையைத் திருத்திக் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறது. மெத்தச் சந்தோஷம். ஊரில் இப்போது தேசிய தொழிற் தகைமை என்று படிமுறை இருக்கிறது, நாலாம் மட்டம் எடுத்தால் முழுத் தொழிலாளி என்ற தகைமை, அதற்கு மேலே டிப்ளோமாவும் பட்டமும்கூட உண்டு. வேலை செய்தே பழகினவர்களையும் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். ஆகவே அந்த அறையில் பழகுகிற பிள்ளைக்குப் போக வழி இருக்கிறது. ஆனால் சங்கக் கூட்டத்தில் முதலில் மின்சார வாளும் பெரிய இயந்திரமும் அனுப்புவோம் என்று பேசினதாக அறிந்தேன், அதில் எனக்கு உடன்பாடில்லை. படிப்பிக்க ஆள் இல்லாத இயந்திரம் விரலைத்தான் எடுக்கும். முதலில் ஒரு நல்ல போதனாசிரியருக்குச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுவோம். அடுத்தது உறுதியான வேலைமேசைகள், மேசைக்கொரு இடுக்கி. பிறகு உளி, கைவாள், மூலைமட்டம், எண்ணெய்க்கல், கண்ணுக்குக் கண்ணாடி. இயந்திரம் அடுத்த வருடம் போகட்டும்.

பழைய சீவுளிகள் இங்கே வீட்டு விற்பனைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் மலிவாக அகப்படுகின்றன, நான் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். நீங்களும் கண்டால் வாங்குங்கள். வாங்கும்போது அடித்தட்டில் ஒரு நேர்கோலை நீளவாட்டிலும் மூலைவிட்டமாகவும் வைத்துப் பாருங்கள், அலகு வெளியே வரும் வாய்ப்பக்கத்தில் வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். கறள் பிடித்திருந்தால் பரவாயில்லை, கொண்டுவந்து தாருங்கள், நான் தீட்டி அனுப்புகிறேன்.